கேபின் கதவும் ஒரு பிடி மிளகாயும்

ஆபரேட்டர் மாமா,

போன வாரம் உங்கள் இரும்புக் கதவை லாரியிலிருந்து இறக்கினார்கள். விராலிமலை முகாம் முடிந்து டூரிங் டாக்கீஸ் மறுபடியும் அரிமளத்துக்கு வந்துவிட்டது. கீற்றுக் கட்டுகளும் மூங்கிலும் மடக்கு நாற்காலிகளும் இறங்கிய பிறகு, கடைசியாக நான்கு பேர் சேர்ந்து கதவைத் தூக்கிவந்து பொட்டல் மண்ணில் சாய்த்து வைத்தார்கள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவின் நான்கு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்தேன். கைப்பிடியைச் சுற்றிப் பச்சைப் பெயின்ட் தேய்ந்து, உங்கள் கை பட்ட இடம் வழவழவென்று இருந்தது.

"யாரு பாப்பா நீ? கதவுக்கு நாடி பாக்குற?" என்று சுமைக்காரர் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அன்றைக்கே உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆனால் சொல்வதற்கு ஒரு விஷயம் வேண்டுமல்லவா? அது இன்றைக்குத்தான் கிடைத்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், உங்களுக்குத் தெரிந்ததையும் வரிசையாக ஒரு முறை எழுதிவிடுகிறேன். வரிசை தவறினால் எனக்கு எழுத வராது.

என் ஆத்தா அப்போதும் பெண்கள் வாசலில்தான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கொட்டகைக்கு வந்து, நீங்கள் படம் ஓட்டும் கேபினுக்கு வெளியே கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து பாடம் படிப்பேன். கேபினுக்குள் நான் ஒரு நாளும் வந்ததில்லை. "உள்ள இருக்கிறது படம் இல்ல பாப்பா, வெடி" என்பீர்கள். நான் நம்பாததுபோல் பார்த்ததால், ஒரு மத்தியானம் நகத்தளவு படத் துண்டை வெளியே கருங்கல்லின் மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினீர்கள். புஸ்ஸென்று ஒரு மஞ்சள் நாக்கு எழுந்து, நான் பின்னால் சாய்வதற்குள் முடிந்துபோனது. கல்லில் சாம்பல்கூட இல்லை.

"இது ஒரு துண்டு. உள்ள பெட்டி பெட்டியா இருக்கு. தண்ணி ஊத்துனாலும் அணையாது" என்று சொல்லிவிட்டு மேலே பார்த்தீர்கள். மேலே முழுக்கக் கீற்று. கீழே மணலில் இருநூறு முந்நூறு பேர் உட்காரும் இடம். பெண்கள் பக்கத்தில் குழந்தைகள் படம் முடியும் முன்பே தூங்கிப்போவார்கள். "தீப்பிடிக்காம நான் பாத்துக்குவேன். என்னையும் மீறிப் பிடிச்சா, அது வெளிய வராம இந்தக் கதவுதான் பாத்துக்கணும்" என்றீர்கள்.

அந்தக் கதவுதான் முதல் சோதனையில் தேறவில்லை. சமஸ்தானம் போய் நாம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த பிறகு வந்த முதல் சோதனை அது. இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தச் சொல்லி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டைச் செருகினார். அது பாதிவரை போனது. அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் கழித்துத் தட்டச்சு செய்த இங்கிலீஷ் கடிதம் வந்தது. நீங்கள் அதை மேனேஜரிடம்கூடக் காட்டுவதற்கு முன்னால் மரப்பெட்டிக்குக் கொண்டுவந்தீர்கள்.

"பாப்பா, கதவைப் பத்தி என்ன போட்டிருக்குன்னு மட்டும் சொல்லு."

நான் அப்போது நான்காம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். அகராதியை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், மூடினால் எந்தப் பக்கமும் இடைவெளி இருக்கக் கூடாது, அடுத்த சோதனையிலும் இடைவெளி இருந்தால் ஆபரேட்டரின் லைசென்ஸ் ரத்தாகும். கடைசி வரியைச் சொல்லலாமா என்று தயங்கினேன். சொன்னேன்.

"லைசென்ஸுங்கிற வார்த்தை எங்க இருக்கு? காட்டு" என்றீர்கள். காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றீர்கள்.

அன்றைக்குத்தான் உங்கள் ஊரைப் பற்றிச் சொன்னீர்கள். கடற்கரை ஊர், அண்ணன்மார் மூவரும் வலைக்குப் போகிறவர்கள். நீங்கள் ஒருவர் மட்டும் படச்சுருள் சுற்றும் வேலைக்குப் போய், பல வருடம் கழித்து லைசென்ஸ் வாங்கியவர். "வலை இழுக்கத் தெம்பில்லாதவன் வெளிச்சம் காட்டப் போறான்னு எங்க மூத்த அண்ணன் ஊரெல்லாம் சொன்னாரு. இந்தக் காகிதம் போச்சுன்னா அவரு மொகத்துலதான் போயி முழிக்கணும். இந்த வயசுல கை வலைக்கும் வராது பாப்பா." நீங்கள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். அதனால்தான் எனக்கு மறக்கவில்லை.

பிறகு கதவைக் கழற்றி வேலை பார்த்தீர்கள். நிலையின் பள்ளத்தில் அழுத்தி வைத்திருந்த, தீப்பிடிக்காத கல்நார்க் கயிறு பல இடங்களில் இறுகிக் கட்டையாகியிருந்தது. அதை எடுத்துவிட்டு, துருவைச் சுரண்டி, புதுக் கயிற்றை ஓர் இடத்திலும் முறுக்கிக்கொள்ளாமல் விரலால் அழுத்திக்கொண்டே போனீர்கள். கீலுக்கு விடும் எண்ணெய் கயிற்றில் படாமல் இருக்கப் பழைய துணியைச் சுற்றினீர்கள். "கயிறுக்குப் பெயின்ட் அடிச்சுட்டா பளிச்சுன்னு இருக்குமே" என்று மேனேஜர் சொன்னதற்கு, "பளிச்சுன்னுதான் இருக்கும்ண்ணே, அப்புறம் அது கயிறு இல்ல, கம்பி" என்றீர்கள்.

சோதித்துப் பார்க்க உங்களிடம் ஒரு வழி இருந்தது. படப் பெட்டிகளையெல்லாம் வெளியே தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெளிச்சம் போகும் ஓட்டைகளையும் மேலே புகைப்போக்கியையும் ஈரச்சாக்கால் அடைத்து, தூபக்காலில் சாம்பிராணி போட்டுக் கேபினுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவீர்கள். எடைக்கல் இழுக்கக் கதவு தானே மூடிக்கொள்ளும். வெளியே யாராவது ஓரங்களை மோந்துகொண்டு சுற்றிவர வேண்டும். புரொஜெக்டர் வெளிச்சத்துக்காக எரியும் கார்பன் குச்சிப் புகையில் இருந்து இருந்து உங்கள் மூக்கு செத்துப்போய்விட்டது. அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. "கதவு என்னுது, மூக்கு ஒன்னுது" என்றீர்கள். முதல் தடவை கீழ்க் கீலருகே வாசனை வந்தது, சொன்னேன், சரிசெய்தீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குள் நீங்கள் கொட்டகை முழுக்கச் சொல்லிவிட்டீர்கள், பாப்பா மூக்கு இருக்கும்போது இன்ஸ்பெக்டர் எதற்கு என்று.

இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்ன நாள் விஜயதசமிக்கு மறுநாள். ஆயுத பூஜையன்று சாயங்காலம் கடைசியாக ஒரு முறை பார்த்துவிடுவோம் என்றீர்கள். கொட்டகையிலும் அன்று பூஜை. என்ஜினுக்கும் புரொஜெக்டருக்கும் மேனேஜர் சந்தனம் குங்குமம் வைக்க, நீங்கள் பின்னாலேயே போய், "மிசினுக்கு எங்க வேணா பொட்டு வைங்கண்ணே, லென்சுல மட்டும் வைக்காதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தீர்கள். கேபின் நிலையின் மேல் மாவிலைத் தோரணம் கட்டினார்கள். பூஜை முடிந்ததும் தோரணத்தை அவிழ்த்துவிட்டு, உள்ளே சாம்பிராணி வைத்துக் கதவை மூடினீர்கள். நான் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எங்கயும் வரலை மாமா" என்றேன். உங்கள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போனால், ஆத்தா எனக்கு முன்னால் வந்து அடுப்பில் பால் வைத்திருந்தாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்துக் கருகிப்போயிற்று. எனக்குத் தெரியவே இல்லை. "பக்கத்துலயே குந்திக்கிட்டு இருக்கே, மூக்கை எங்கடி அடகு வச்சே?" என்று ஆத்தா கத்தினாள். பிறகு அவளே, "எனக்குந்தான் தெரியலை. ஊரு பூராவும் சாம்பிராணி போட்டு மூக்கே அடைச்சுப் போச்சு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயுத பூஜையன்று சாயங்காலம். கடைத்தெருவில் ஒவ்வொரு கடையிலும் சாம்பிராணி, கொட்டகைக்குள் சாம்பிராணி, எங்கள் வீட்டில் சாம்பிராணி. அந்த நாளில் போய் ஒரு கதவின் ஓரத்தில் சாம்பிராணி வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்திருக்கிறோம், மாமா. நம் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. நான் "வரலை" என்று சொன்னதற்கு ஒரு பொருளும் இல்லை.

உடனே ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் விஜயதசமியன்று கொட்டகைப் பக்கம் இரண்டு முறை வந்தேன். "என்ன பாப்பா, இங்கிட்டும் அங்கிட்டும் நடக்குறே? கால்ல சக்கரமா?" என்று கூப்பிட்டீர்கள். சிரித்துவிட்டுப் போய்விட்டேன். என் மூக்கைப் பற்றி நீங்கள் ஊரெல்லாம் சொன்னது என் வாயை அடைத்திருந்தது. ஒருவேளை கதவு சரியாகவே இருக்கலாம் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த விரலை, வார்த்தையின் மேல் வைத்த விரலை, நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சோதனை நாளன்று காலையில் பல் விளக்கியதும் வந்துவிட்டேன். நீங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். ஆத்தாவும் கொட்டகையைக் கூட்ட வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், கருகிய பாலையும் சேர்த்து. நீங்கள் கிளாசைக் கீழே வைத்தீர்கள். கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அன்னிக்கு வாசனை வரலையா, இல்ல வருதா வரலையான்னு ஒனக்குத் தெரியலையா?"

"தெரியலை மாமா."

"அப்பத் தெரியலைன்னு சொல்லணும். அது வேற, இது வேற. வரலைன்னா நான் கதவைச் சாத்திட்டுப் போயிருவேன். தெரியலைன்னா இன்னொரு தரம் பாப்பேன்." அவ்வளவுதான். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டீர்கள். "பத்து மணி பஸ்ஸுக்குத்தான் வாராரு. வா."

"மறுபடியும் சாம்பிராணியா? கொட்டகையே இன்னும் மணக்குது" என்று ஆத்தா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தாள். "மொளகாயப் போடுங்க. எந்த மூக்கா இருந்தாலும் சொல்லிரும்." வீட்டுக்குப் போய்க் காய்ந்த மிளகாய் கொண்டுவந்தாள். தணல் நிறைந்த சட்டியை உள்ளே வைத்து, ஒரு பிடி மிளகாயைப் போட்டுவிட்டு நீங்கள் பாய்ந்து வெளியே வந்தீர்கள். கதவு மூடியது. நான் மேல் மூலைக்குப் போவதற்கு முன்பே இருமல் பிடித்துக்கொண்டது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தீர்கள். தோரணம் கட்டிய கயிற்றில் ஒரு சாண் துண்டு அறுந்து, நிலைப் பள்ளத்துக்குள் சிக்கியிருந்தது. குறட்டால் இழுத்து எடுத்து, "ஆளு இங்கதான் ஒளிஞ்சிருக்காரு" என்று காட்டினீர்கள். நசுங்கியிருந்த இடத்தில் கல்நார்க் கயிற்றை மாற்றினீர்கள். இன்னொரு பிடி மிளகாய். கதவு மூடியது.

நான் சுற்றினேன். ஆத்தா சுற்றினாள். மேனேஜரும் வந்து சுற்றினார். ஒன்றும் இல்லை.

"இவ்வளவு மொளகா போட்டும் நெடியே இல்லை" என்று ஆத்தா கன்னத்தில் கைவைத்தாள். "கொட்டகைக்குக் கண்ணு பட்டிருக்குண்ணே. பொல்லாத கண்ணு."

மேனேஜர் நிஜமாகவே பயந்துவிட்டார். "பூசணிக்காய் வாங்கியாரச் சொல்லவா?" என்றார். "ஐயோ, அது கண்ணு இல்லண்ணே, கயிறு" என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. தாசில்தார் ஜீப்பில் ஏறிக்கொண்டு இன்ஸ்பெக்டர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

அவர் நேராகக் கதவுக்கு வந்தார். பழைய கடிதத்தை எடுத்துப் படித்தார். கதவின் எதிரில் நின்றே மணல் வாளி எத்தனை, ஈரக் கம்பளி எங்கே என்று கேட்டார். காகிதத் துண்டை எடுத்து மேலே, கீழே, இரண்டு பக்கமும் செருகிப் பார்த்தார். எங்கும் போகவில்லை. உங்கள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பிறகு, "உள்ள பாக்கலாம்" என்று தானே கைப்பிடியைப் பிடித்தார்.

"சார், சார், கொஞ்சம் இருங்க" என்றீர்கள். அதற்குள் இழுத்துவிட்டார்.

அடைபட்டிருந்த நெடி முழுவதும் அவர் முகத்தில் வந்து விழுந்தது. இன்ஸ்பெக்டர் மடங்கிப்போய் இருமினார், கூட வந்த தாசில்தார் ஆபீஸ் சேவகர் இருமினார், மேனேஜர் இருமிக்கொண்டே தண்ணீருக்கு ஓடினார். எல்லாம் முடிந்தது என்று நான் ஆத்தாவின் பின்னால் போய் நின்றேன். இன்ஸ்பெக்டர் முகம் கழுவி, சிவந்த கண்ணோடு திரும்பி வந்தார்.

"எவ்வளவு நேரமா உள்ள எரியுது இது?"

"நீங்க வர்றதுக்கு முந்தியே வச்சதுங்க."

"நான் இங்கதானேய்யா நின்னுட்டிருந்தேன்."

"ஆமாங்க."

அவர் கதவைப் பார்த்தார். மறுபடி மூடவிட்டு, குனிந்து, ஓரத்தில் மூக்கை வைத்து ஒரு சுற்று வந்தார். "திருச்சியில இந்த டெஸ்ட் கிடையாது" என்றார். "யார் சொல்லிக்கொடுத்தது?"

"மொளகா அந்தம்மா யோசனைங்க. மோந்து பாக்குறது இந்தப் பாப்பா. முந்தாநேத்துத் தப்பாச் சொல்லிருச்சு. இன்னிக்குக் காலையில அதுவா வந்து திருத்துச்சு."

தப்பாகச் சொன்னதையும் ஏன் சொன்னீர்கள் என்று எனக்கு அப்போது உங்கள் மேல் வருத்தம். இப்போது இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னதால்தான் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார் என்று நினைக்கிறேன்.

அவர் போன பிறகு சோதனைப் புத்தகத்தை மரப்பெட்டிக்குக் கொண்டுவந்தீர்கள். கதவு இடைவெளியில்லாமல் மூடுகிறது, திருப்தி, என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. மூன்று முறை படிக்கச் சொன்னீர்கள். மூன்றாவது முறை படிக்கும்போது நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, தெற்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் ஊர் அந்தப் பக்கம்தானே.

தை முடிந்ததும் முகாம் விராலிமலைக்குப் போயிற்று. பங்குனியில் மேனேஜர் ஆத்தாவுக்கு ஒரு கார்டு போட்டிருந்தார். நான்கு நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது, அண்ணன்மார் மூவரும் வந்து ஊருக்கு எடுத்துப் போனார்கள் என்று. கடைசி வாரம் வரை நீங்கள்தான் படம் ஓட்டியதாகவும் எழுதியிருந்தார். அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.

இப்போது இன்றைய விஷயம். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். புது ஆபரேட்டர் மதுரைப் பக்கத்துக்காரர், முழுக்கால் சட்டை போடுகிறவர். முதல் நாளே, "கேபின் பக்கம் புள்ளைங்க வரக் கூடாது" என்றார். "வர மாட்டேங்க, என் வேலை வெளியிலதான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. இன்று சாயங்காலம் மேனேஜர்தான் கூப்பிட்டு, ஆத்தாவிடம் மிளகாய் வாங்கிவரச் சொன்னார்.

ஆடிக் காற்று பொட்டல் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்துக்கு ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். நான் கதவைச் சுற்றி வந்தேன். கீழ் மூலையில் தொண்டையில் ஏதோ குத்தியதுபோல் இருந்தது. மறுபடி குனிந்தால் இல்லை. மண்ணா, மிளகாயா, சொல்ல முடியவில்லை.

"என்ன, வரலைல்ல?" என்றார் மேனேஜர்.

"தெரியலைங்க."

"தெரியலைன்னா? வருதா, வரலையா, ஒண்ணைச் சொல்லு. ஆளு நிக்குது பாரு."

"இதுக்குத்தானா இந்தப் புள்ளையக் கூட்டியாந்தீங்க?" என்றார் புது ஆபரேட்டர்.

எல்லோருக்கும் என் வாயிலிருந்து ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்காக ஒரு தடவை அதைச் சொன்னவள்தானே நான். "காத்து அடிக்குதுங்க, தெரியலை. படுதாவைக் கட்டி மறைச்சுட்டு இன்னொரு தரம் போடுங்க. அப்பச் சொல்றேன்" என்றேன்.

மேனேஜர் ஆத்தாவைப் பார்த்தார். ஆத்தா சட்டியில் தணலைக் கிளறி, இன்னொரு பிடி மிளகாயை எடுத்து வைத்தாள்.

படுதாவுக்குள் கீழ் மூலையில் குனிந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. புது ஆபரேட்டரே மண்டியிட்டு மூக்கை வைத்தார். இருமிக்கொண்டே எழுந்து, சுத்தியலும் திருப்புளியும் எடுக்கப் போனார். லாரியில் இடிபட்டு நிலையின் அடி சற்று வளைந்திருந்தது. அதை நிமிர்த்தி, அந்த இடத்துக்கு மட்டும் கயிறு மாற்றினார். மூன்றாவது பிடிக்கு எதுவும் வரவில்லை. வரவில்லை என்று சொன்னேன்.

ஆட்டம் முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. விசிலடித்தார்கள், திட்டினார்கள், பிறகு உட்கார்ந்து பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் இரண்டு குழந்தைகள் அதற்குள் தூங்கிவிட்டன.

தெரியலை என்று சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை, மாமா.